கைதுச் செய்தியில் யாரெல்லாம் இல்லை?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "மீனவர் கைது, கச்சத்தீவு, எண்ணெய்க் கிணறு என்று எங்கள் கரையைப் பற்றி ஓயாமல் சண்டை நடக்கிறது. பத்திரிகையும் டிவியும் உண்மையைச் சொல்வதில்லை, யூட்யூப் சேனல்கள்தான் சொல்கின்றன என்கிறார்கள் நண்பர்கள். யாரை நம்புவது? நானே ஒரு சேனல் தொடங்கினால் பிரயோசனம் உண்டா?"

தம்பி, உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. பத்திரிகை கோட்டைவிட்டதைச் சேனல்கள் பிடித்த சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் இருவரும் சேர்ந்தே கண்டுகொள்ளாத ஆட்களும் நம் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் யாரென்று முதலில் பார்த்துவிடலாம். யாரை நம்புவது என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

கைதுச் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். ராமேசுவரம் துறைமுகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகுகள் கடலுக்குப் போயின. நெடுந்தீவு அருகே மீன்பிடித்தபோது, எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்தது. படகுகளை யாழ்ப்பாணப் பக்கம் மயிலிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மீனவர்களை அங்கேயே ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் நிறுத்தி, காவலில் வைத்தார்கள். இங்கே முதல்வர் கடிதம், சங்கங்களின் வேலைநிறுத்தம், மறியல். தேதியையும் ஆட்களின் எண்ணிக்கையையும் மாற்றினால் போன மாதச் செய்தியே இந்த மாதத்துக்கும் போதும்.

இதற்கு நிருபரை மட்டும் குறைசொல்ல மாட்டேன். ராமேசுவரத்தில் செய்தி அனுப்புகிறவர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள் இல்லை. அனுப்பிய செய்திக்கு ஏற்பக் கூலி. கோயில் திருவிழா, தலைவர்கள் வருகை, அமாவாசைக் கூட்டம், மண்டபத்தில் பிடிபட்ட கடல் அட்டை என எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே ஓட வேண்டும். கைது நடந்த இரவில் அவர் கைக்கு எட்டுபவை மூன்றுதான். இலங்கைக் கடற்படை வெளியிடும் படமும் அறிக்கையும், மீன்வளத்துறை அலுவலகத்திலிருந்து வரும் பட்டியல், சங்கத் தலைவரின் தொலைபேசி. பிடிபட்டவரோடு பேச வழியில்லை. அவர் விடுதலையாகிச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கும்போது வாரங்களோ மாதங்களோ ஓடியிருக்கும். அப்போது அவர் சொல்வது பழைய செய்தி.

ஆக, அந்தச் செய்தியில் இல்லாத முதல் ஆள் பிடிபட்டவரேதான். படகு முதலாளியும், பங்குக்காகக் கடலுக்குப் போகிறவரும் செய்தியில் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள். சிறைக்குப் போகிறவர் பெரும்பாலும் கூலியாள். பேட்டி கொடுப்பவர் சங்கத் தலைவர்; அநேகமாக அவருக்குச் சொந்தப் படகு இருக்கும். முதலாளிக்குப் படகு போன கவலை, கூலியாளின் வீட்டுக்கு அடுத்த வேளை அடுப்பெரிக்கும் கவலை. இரண்டும் நிஜம்தான், ஆனால் ஒன்றல்ல. "எல்லையைத் தாண்டிப் போகச் சொல்லி உங்களை யாராவது நிர்ப்பந்தித்தார்களா?" என்ற கேள்வியை ஒரு கூலியாளிடம் தனியாக உட்கார்ந்து கேட்ட பேட்டியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது ஆள் நாட்டுப்படகுக்காரர். இவர் பக்கம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு ஏன் வந்தது? கடலில் நடந்த சண்டைகளால் வந்தது. விசைப்படகின் இழுவைமடி அடிமண்ணைச் சுரண்டிக்கொண்டு போகும்போது, நாட்டுப்படகுக்காரர் விரித்து வைத்த வலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை உண்டு. சட்டம் இருந்தும் இரட்டைமடி ஓய்ந்ததா என்று பாம்பனிலோ தொண்டியிலோ கேட்டுப் பாருங்கள். இந்தப் பக்கம் 3 கடல் மைல் வேலி, கொஞ்சம் தள்ளிப் போனால் சர்வதேச எல்லை. நடுவே இருக்கிற கடல் ராமேசுவரத்து விசைப்படகுகள் அத்தனைக்கும் போதாது. கைதுகளுக்கு அடியில் கிடக்கிற கணக்கு இதுதான். இதைத் தலைப்புச் செய்தியில் பார்த்திருக்கிறீர்களா?

பத்திரிகைக்கு இதில் பெரிய அக்கறை இருந்ததில்லை; சண்டை முற்றி ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை என்றால் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வரும். சரி, சேனல்கள்? இங்கேதான் உங்கள் நண்பர்களோடு நான் முரண்படுகிறேன். சேனல் நடத்தும் பையன் அதே ஊர்க்காரன். மாமாவுக்கு விசைப்படகு இருக்கும், சித்தப்பாவுக்கு வத்தை என்கிற சிறு நாட்டுப்படகு இருக்கும். பார்வையாளர்களும் அதே ஊர். இலங்கைக் கடற்படையைத் திட்டி வீடியோ போட்டால் ஊரே பகிரும். இழுவைமடியைப் பற்றிப் போட்டால் மறுநாள் ஏலக்கூடத்துக்குள் கேமராவோடு நுழைய முடியாது. சென்னைப் பத்திரிகைக்கு விளம்பரதாரர் எப்படியோ, ஊர்ச் சேனலுக்கு ஊர் அப்படி. சுதந்திர ஊடகம் என்று பேர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் யாரைப் பகைத்துக்கொள்ள முடியாது என்ற பட்டியல் அதற்கும் இருக்கிறது. பட்டியலில் உள்ள பெயர்கள்தான் வேறு.

மூன்றாவது ஆள் அக்கரையில் இருக்கிறார். 2009இல் போர் முடிந்து, கடல் திறந்து, கடன் வாங்கி வலை வாங்கிய வடக்குத் தமிழ் மீனவர். யாழ்ப்பாணப் பத்திரிகைகளைப் படித்தால் அதே இரவு, அதே கடல், வேறு செய்தி. இந்திய இழுவைப் படகுகள் வந்தன, வலைகள் அறுந்தன, கடற்படை வேடிக்கை பார்த்தது என்று இருக்கும். நம் செய்தியில் கடற்படை கொடுமைக்காரர்கள், அவர்கள் செய்தியில் அதே கடற்படை கையாலாகாதவர்கள். இலங்கை நாடாளுமன்றம் 2017இல் தன் நாட்டு மீனவர்களுக்கும் சேர்த்து இழுவைமடியைத் தடைசெய்தது. 2018இல் எல்லை மீறும் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. அந்தச் சட்டங்களைக் கேட்டுப் போராடியவர்களில் வடக்கு மீனவர்கள் முன்னால் நின்றார்கள். இங்கே அது கொழும்பின் சதி என்று மட்டுமே பேசப்பட்டது. 2014 ஜனவரியில் இருதரப்பு மீனவப் பிரதிநிதிகள் சென்னையில் உட்கார்ந்து பேசினார்கள். அன்றைக்கு இரண்டு தரப்பும் என்ன கேட்டன என்று நம் கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே 2014இல் இன்னொன்று. போதைப்பொருள் வழக்கில் ராமேசுவரம் பகுதி மீனவர்கள் ஐந்து பேருக்குக் கொழும்பு உயர் நீதிமன்றம் அக்டோபர் 30ஆம் தேதி மரண தண்டனை விதித்தது. ராமேசுவரம் தீவு கொந்தளித்தது, தண்டவாளங்களைக்கூட விட்டுவைக்கவில்லை. நவம்பரில் அன்றைய இலங்கை அதிபர் ராஜபக்ச மன்னிப்பு வழங்கி அவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்தத் தீர்ப்பில் தண்டனை பெற்றவர்கள் மொத்தம் எட்டுப் பேர். மற்ற மூவர் இலங்கையர். நம் ஊடகங்களில் பேச்சு முழுக்க ஐவரைப் பற்றித்தான். நம் பிள்ளைகளைப் பற்றி நாம் கவலைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த மூவரும் கண்ணில் பட்டிருந்தால் வழக்கு எப்படிப்பட்டது என்று வாசகர் தானே யோசித்திருப்பார்.

கச்சத்தீவுக்கு வருகிறேன். இதில் தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. நாலு கட்சிக்காரர்களை உட்காரவைத்து யார் தாரைவார்த்தார்கள் என்று ஒரு மணி நேரம் கத்தவிடுவார்கள். காகிதங்கள் சொல்வது வேறு. 285 ஏக்கர் தீவு. இந்தியாவும் இலங்கையும் 1974இல் போட்ட ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு அந்தத் தீவுக்கு மேற்கே ஒரு மைல் தள்ளிப் போகிறது. அதே ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் பழையபடி தீவுக்குப் போய்வர இடம் கொடுத்தது. ஒரு நாட்டவர் மற்ற நாட்டின் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று கதவைச் சாத்தியது 1976 மார்ச்சில் இரு நாட்டு அதிகாரிகள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள். மேடையில் எல்லாரும் 1974 என்றே பேசுகிறார்கள். மீனவருக்கு அடி விழுந்தது 1976இல்.

2024 மார்ச் இறுதியில், நாடாளுமன்றத் தேர்தல் நேரத்தில், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற ஆவணங்களை வைத்து, கச்சத்தீவை அன்றைய காங்கிரஸ் அரசு விட்டுக்கொடுத்தது என்று ஒரு ஆங்கில நாளிதழ் செய்தி போட்டது. பிரதமரே அதைப் பகிர்ந்தார். தேசம் முழுக்கக் கச்சத்தீவு. இதே சட்டத்தின் கீழ் 2015இல் இதே வெளியுறவுத் துறை கொடுத்த ஒரு பதில், இந்தியப் பகுதி எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்ற தொனியில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதில் இணைய ஊடகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் இரண்டு தரப்பும் தவறவிட்ட ஒரு விஷயம் நம் கைதுச் செய்திகளிலேயே கிடக்கிறது. பிடிபட்ட இடம் நெடுந்தீவு அருகே என்று நாமே எழுதுகிறோமே, நெடுந்தீவு எங்கே இருக்கிறது? கச்சத்தீவைத் தாண்டி, யாழ்ப்பாணத்தை ஒட்டி. நாளைக்கே கச்சத்தீவு திரும்பி வந்தாலும் அங்கே பிடிபடுகிறவருக்கு என்ன மாறும்? கச்சத்தீவைக் கேட்கக் கூடாது என்பதல்ல. வலை உலர்த்தவும் ஓய்வெடுக்கவும் இருந்த உரிமை பெரிய விஷயம்தான். ஆனால் அது கைதுகளுக்கெல்லாம் மருந்து என்று சொல்கிற எவரும், பத்திரிகையோ சேனலோ, வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை.

பெரிய விவாதம் ஒன்று வந்து கரையின் கேள்வியை விழுங்குவது நமக்குப் புதிதல்ல. சேது சமுத்திரத் திட்டத்தை 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் தொடங்கிவைத்தார்கள். பாக் நீரிணை வழியாகக் கப்பல்கள் போக 167 கிலோமீட்டர் கால்வாய், 2,427 கோடி ரூபாய். தோண்டும் மண்ணை எங்கே கொட்டுவீர்கள், கலங்கிய நீரில் மீன் நிற்குமா, கால்வாயின் குறுக்கே வத்தை போகலாமா என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2007 செப்டம்பரில், ராமர் இருந்ததற்கு வரலாற்று ஆதாரம் இல்லை என்ற தொல்லியல் துறையின் பிரமாணப் பத்திரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு நாளில் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு, கால்வாயின் வழியில் இருந்த ராமர் பாலத்தை ராமர் கட்டினாரா இல்லையா என்பதைத் தவிர வேறு கேள்வி தலைப்புக்கு வரவில்லை. அப்போது நம் ஊரில் யூட்யூப் சேனல்கள் கிடையாது. இருந்திருந்தால் மண் கொட்டும் இடத்தைக் கேட்டிருக்குமா, ராமரைப் பிடித்துக்கொண்டிருக்குமா? எனக்குப் பின்னதில்தான் சந்தேகமில்லை.

சேனல்களும் வாட்ஸ்அப்பும் உண்மையிலேயே எதை மாற்றின? வேகத்தை மாற்றின, மறைப்பதைக் கடினமாக்கின. 2017 மார்ச்சில் உங்கள் ஊர் இளம் மீனவர் ஒருவர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். சல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பையன்கள் கையில் இருந்த போன்கள் வழியாகத் தங்கச்சிமடத்துப் போராட்டப் பந்தல் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. மத்திய அமைச்சர்கள் வந்து பேச வேண்டிவந்தது. உள்ளூர்ப் பதிப்போடு அடங்கிப்போயிருக்கும் சாவு அது. இலங்கைக் கடற்படை சுடவில்லை என்று மறுத்தது, விசாரிப்பதாகக் கொழும்பு சொன்னது. அந்த விசாரணை என்ன ஆயிற்று என்று அடுத்த வருஷம் தேடிப் போன சேனல் எது? நேரலையில் காட்ட ஆளுண்டு, கோப்பைப் பின்தொடர ஆளில்லை. பழைய ஊடகத்தின் நோய் புதியதற்கும் அப்படியே தொற்றியிருக்கிறது.

அதே 2017 ஜூலையில் பிரதமர் ராமேசுவரம் வந்தபோது ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டம் தொடங்கியது. பாக் நீரிணையின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று வருஷத்தில் சூரை பிடிக்கும் படகுகளாக மாற்றுவது இலக்கு. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் பாதி மத்திய அரசு. தொடக்க விழா எல்லாத் திரையிலும் ஓடியது. இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை என்பது யார் திரையிலும் ஓடவில்லை. மறுநாளே கரை திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்க வேண்டும், பனிக்கட்டியும் டீசலும் சேர்த்தால் செலவு கட்டுபடியாகுமா, வங்கிக் கடனுக்கு யார் ஜாமீன் என்று ஏலக்கூடத்தில் பேசிக்கொண்டதெல்லாம் செய்திக்கு ஏற்ற சரக்கு. யாரும் அள்ளவில்லை.

மாற்று ஊடகம் நன்றாக வேலை செய்த ஒரு சந்தர்ப்பமும் சொல்கிறேன், இல்லையென்றால் நான் குறைசொல்ல மட்டுமே உட்கார்ந்தவன் என்று நினைப்பீர்கள். 2025 ஆகஸ்டில், ராமநாதபுரம் மாவட்டத்தில் எண்ணெய், எரிவாயு தேடி 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட மத்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசிக்கு மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்த விஷயம் பரவியது. எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெற அறிவுறுத்தியிருப்பதாக அரசு சொன்னது. அனுமதி தந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது என்றால், பத்திரிகைகள் தூங்கினவா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பெரிய திட்டங்களுக்கு 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மக்கள் கருத்துக்கேட்பு உண்டு, அதற்கு நாளிதழில் விளம்பரம் கொடுத்தாக வேண்டும். ஆனால் 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளை 'பி2' என்ற வகைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வகைக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. கூட்டம் இல்லை, விளம்பரம் இல்லை, ஆகவே நிருபர் போய் உட்கார இடமும் இல்லை. எல்லாம் இணையதளத்தில் ஆங்கிலக் கோப்பாக மட்டும் கிடக்கும். அதைத் திறந்து படிக்கப் பொறுமை உள்ள சூழல் ஆர்வலர்களும் சிறு ஊடகங்களும் இல்லையென்றால் லாரி வந்து நிற்கும்போதுதான் தெரியும். கோபத்தை விடப் பொறுமை செய்த வேலை இது.

வானொலியை மறந்துவிடக் கூடாது. பாம்பனில் 2016இல் தொடங்கிய 'கடல் ஓசை' 90.4 மீனவர்களுக்கான சமுதாய வானொலி. காற்று எப்படி, கடல் எப்படி, எது விலைபோகிறது என்று நம் பேச்சிலேயே பேசுகிறது. அதிலேயே அரசியல் சண்டைகளையும் பேசலாமே என்று தோன்றும். விதி இடம் கொடுக்காது. சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்பக் கூடாது. வானிலை, போக்குவரத்து, உள்ளூர் நிகழ்ச்சி போன்ற தகவலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஊர் நம்புகிற குரலுக்கு வாய்ப்பூட்டு, எவரென்றே தெரியாத வாட்ஸ்அப் குரலுக்குத் தடையே இல்லை. இந்த விதியை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆக, யாரை நம்புவது? ஆளை நம்பாதீர்கள், தனித்தனிச் செய்தியாகப் பாருங்கள். பிடிபட்ட இடத்தைச் சொல்கிறதா? பேசுகிறவர் முதலாளியா கூலியாளா என்று சொல்கிறதா? ஆவணம் என்றால் தேதியோடு காட்டுகிறதா? படம் யார் எடுத்தது? கடற்படை கொடுத்த படத்தைப் போட்டுக்கொண்டே கடற்படையைத் திட்டுகிற செய்திகள் நிறைய உண்டு. அக்கரைச் சேனல்களையும் பாருங்கள். அவர்கள் பேசுவதும் தமிழ்தான், உங்கள் போனிலேயே வரும். ஆனால் யூட்யூப் தானாகக் கொண்டுவந்து காட்டாது, நீங்கள்தான் தேட வேண்டும்.

சேனல் தொடங்குங்கள், தாராளமாக. கைது நேரலைக்கு ஏற்கெனவே பத்துப் பேர் இருக்கிறார்கள். பதினொன்றாவது ஆளாகப் போகாதீர்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. அப்போது கூலியாட்கள் சும்மாதான் இருப்பார்கள், மனம்விட்டுப் பேசுவார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் போங்கள். 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் போனபோது அவர்கள் பிழைப்புக்கு என்ன ஆனது என்று அவர்களே சொல்லட்டும். இழுவைமடியைப் பற்றிச் சொந்த ஊரில் பேசுவது கஷ்டம் என்றால், தொண்டிப் பக்கம் உள்ள ஒரு நண்பரோடு சேர்ந்து அவர் உங்கள் ஊரிலும் நீங்கள் அவர் ஊரிலுமாகப் பேட்டி எடுங்கள். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதற்கு முன் கையில் காகிதம் இருக்கட்டும். அவதூறு வழக்கு சேனலுக்கும் வரும், பத்திரிகைக்கு இருப்பது போல் பின்னால் நிற்க நிர்வாகமோ வக்கீலோ உங்களுக்கு இருக்க மாட்டார்கள்.

காகிதத்துக்கு வழி எளிது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மீன்வளத்துறைக்கு ஒரு மனு. ஆழ்கடல் திட்டத்தில் ராமநாதபுரம் மாவட்டத்தில் இதுவரை எத்தனை படகு ஒப்படைத்தீர்கள், அவற்றில் எத்தனை இப்போது கடலுக்குப் போகின்றன, இரட்டைமடிக்காக எத்தனை வழக்கு, எவ்வளவு அபராதம் என நான்கே கேள்விகள் போதும். கேமரா வாங்குவதற்கு முன்னால் அதை அனுப்பிவிடுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும்.